இறக்கிய மைவிக்கு அலைன்மெண்ட்: தாளில் உள்ள பச்சையை எந்த அளவு நம்பலாம்?

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வேலை, லிந்தாங் பக்கம் தோட்டத்தில் வீடு, கார் இரண்டாம் தலைமுறை பெரோடுவா மைவி 1.5. அட்ஜஸ்டபிள் அப்சர்பர் போட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறக்கியிருக்கிறார். கடையில் அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்து தாளும் வாங்கினார். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) பச்சை, கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் மைனஸ்) சிவப்பு, இடது மைனஸ் 2.1, வலது மைனஸ் 1.3. அப்புறம் முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறதென்று அப்சர்பரில் உயரத்தை மாற்றும் காலரை இன்னும் 10 மி.மீ. இறக்கிவிட்டார். இப்போது முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் மொட்டை, கார் இடப்பக்கம் இழுக்கிறது. கடையில் கேட்டால் 'மோடிஃபை பண்ணின காடி அப்படித்தான்' என்கிறார்களாம். கேம்பர் போல்ட் போட்டால் சரியாகுமா என்பது கேள்வி.

போல்ட் கொஞ்சம் உதவும். ஆனால் உங்கள் டயரைத் தின்றது பெரும்பாலும் டோதான். காலரை மறுபடி திருப்பிய அன்றைக்கே அந்தத் தாள் செல்லாமல் போய்விட்டது.

காரணம் எளிது. முன்பக்கத்தில் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் ஒரு வளைவில் ஆடுகிறது, ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தை ராட் இன்னொரு வளைவில் ஆடுகிறது. கம்பெனி வைத்த உயரத்தில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும்படி செய்திருப்பார்கள். கார் இறங்க இறங்க இரண்டும் பிரியும். சக்கரத்தின் திசை தானாகத் திரும்பும். டோ இன் (முன்னோரம் உள்ளே) பக்கமா, டோ அவுட் (முன்னோரம் வெளியே) பக்கமா என்பது ஸ்டீயரிங் ராக் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, தை ராட் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஊகிக்க வேண்டாம், அளந்தால் தெரிந்துவிடும்.

இது டயரை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் 0.1 டிகிரி திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது 1.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 0.25 டிகிரி என்றால் 4.4 மீட்டர். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கி.மீ. என்று வைத்தால், ஒருதடவை போய்ச் சேர்வதற்குள் அந்த டயரை 130 மீட்டர் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனதற்குச் சமம். தினமும் இப்படி ஓடினால் எத்தனை மாதம் தாங்கும்? கேம்பர் செய்தது, அந்தத் தேய்மானம் முழுவதையும் உள்விளிம்பில் கொண்டுபோய்க் கொட்டியது மட்டும். டோ சரியாக இருந்து கேம்பர் மட்டும் மைனஸ் 1.5 இருந்தால் உள்பக்கம் கொஞ்சம் முந்தித் தேயும், இப்படி மொட்டையாகாது.

கண்ணை விடக் கை நன்றாகச் சொல்லும். டயரின் கட்டைகள் மீது உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருதடவை, வெளியிலிருந்து உள்ளே ஒருதடவை இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் மறு திசையில் அரம் போலவும் பிடித்தால் அது டோ. இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்து ஓரம் மட்டும் குறைந்திருந்தால் கேம்பர். மொட்டையான ஓரத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், மெதுவாகத் தடவுங்கள்.

இனி அந்தப் பச்சை. கடையில் இருக்கும் மெஷினில் 'பெரோடுவா மைவி, இன்ன வருடம்' என்று தேர்ந்தெடுத்ததும், கம்பெனி உயரத்துக்கும் கம்பெனி ஸ்பிரிங்குக்கும் உரிய எல்லைகள் திரைக்கு வருகின்றன. அந்த எல்லைக்குள் இருந்தால் பச்சை. உங்கள் கார் அந்த உயரத்தில் இல்லை. ஆகவே சிவப்பு என்பதாலேயே பழுது என்றாகிவிடாது, பச்சை என்பதாலேயே சரி என்றும் ஆகிவிடாது. அதோடு டோவின் பச்சை எல்லை ஓரளவு அகலமானது. ஒரு சக்கரம் எல்லையின் இந்த ஓரத்தில், இன்னொன்று அந்த ஓரத்தில் நின்றாலும் பச்சைதான் காட்டும். நிறத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்.

எண்ணைப் பார்க்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். சில மெஷின் 0.10 என்று டிகிரியில் காட்டும், சில 0°10' என்று மினிட்டில் காட்டும். 10 மினிட் என்பது 0.17 டிகிரி. 30 மினிட் என்பது 0.5 டிகிரி, 0.3 இல்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய செட்டிங்கை இன்னொருவர் அப்படியே வைத்துக் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எழுதிக்கொடுக்கும்போது டிகிரியா மினிட்டா என்று சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்தது இடப்பக்கம் இழுப்பது. உங்கள் எண்களில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது இதுதான். கேம்பர் வித்தியாசத்தால் கார் இழுத்தால், எந்தச் சக்கரத்தில் கேம்பர் பிளஸ் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் இழுக்கும். உங்களுக்கு வலது மைனஸ் 1.3, இடது மைனஸ் 2.1. அந்தக் கணக்கில் கார் வலப்பக்கம் போக வேண்டும். அது இடப்பக்கம் போகிறது. அப்படியானால் கேம்பரை மிஞ்சிய வேறு ஏதோ ஒன்று இழுக்கிறது. கேம்பர் போல்ட் போட்டு இரண்டையும் சமமாக்கினால் இழுவை இன்னும் கூடத்தான் செய்யும்!

முதலில் ரோட்டைச் சந்தேகப்படுங்கள். நம் ரோடுகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருக்கும். எந்தக் காரும் கையை விட்டால் மெல்ல இடப்பக்கம் நகரும். அது குற்றமில்லை. சமமான, காலியான கார் நிறுத்துமிடத்தில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரண்டாவது டயர். காற்றைச் சமமாக வைத்து, முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். இழுவை பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான், அலைன்மெண்ட்டுக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை.

இரண்டும் இல்லையென்றால் கேஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். கேஸ்டர் குறைந்த பக்கம் கார் இழுக்கும். தோட்டத்து ரோட்டில் எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? இடப்பக்கம் ஒதுங்கி, தார் பெயர்ந்த விளிம்பில் இறங்குகிறோம். அடி முழுவதும் இடது முன் சக்கரத்துக்கு. ஆர்ம் கொஞ்சம் வளைந்தோ அதன் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் கிழிந்தோ அந்தச் சக்கரம் சில மி.மீ. பின்னால் தள்ளப்பட்டால் போதும், இடது கேஸ்டர் குறைந்துவிடும். இதைப் பார்க்க மெஷின்கூட வேண்டாம். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் ஹப்பின் (சக்கர மையத்தின்) நடுவிலிருந்து பின் ஹப்பின் நடுவரை இரண்டு பக்கமும் டேப்பால் அளங்கள். முதல் இரண்டு தலைமுறை மைவிக்கும் வீல்பேஸ் 2440 மி.மீ. மொத்த எண்ணை விட இரு பக்க வித்தியாசம்தான் முக்கியம். இடது ஐந்தாறு மி.மீ. குறைவாக வந்தால் முன் ஆர்ம், பின் சக்கரங்களை இணைக்கும் பீம் இரண்டையும் நன்றாகப் பாருங்கள்.

உங்கள் கேம்பர் எண்களுக்கு இன்னொரு விளக்கமும் இருக்கிறது. இரண்டின் சராசரி மைனஸ் 1.7. ஒரு பக்கம் 0.4 கூடி, மறு பக்கம் 0.4 குறைந்து நிற்கிறது. இப்படிச் சரிசமமாகப் பிரிந்திருந்தால் லோவர் ஆர்ம்கள் மாட்டியிருக்கும் சட்டமான சப்ஃபிரேம் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நகர்ந்தால் ஆர்மின் வெளிமுனையில் உள்ள இடது பால் ஜாயிண்ட் வெளியே போகும், வலது உள்ளே வரும். இந்த அளவு காரில் 1 மி.மீ. நகர்வு ஏறக்குறைய 0.1 டிகிரி கேம்பர். யாராவது கிளட்சுக்கோ ராக்குக்கோ சப்ஃபிரேமைக் கழற்றி மாட்டியிருந்தால் இது நடக்கக் கூடியதுதான். போல்ட்டுகளைத் தளர்த்தி, நெம்பி நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கினால் வித்தியாசத்தில் ஒரு பகுதியாவது சும்மாவே போய்விடும். நல்ல போர்மன் இதை முதலில் பார்ப்பார். அப்புறம்தான் போல்ட் விற்பார்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உயரம். உங்களுக்குப் பிடிக்காது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்: முன்பக்கத்தைத் தூக்குங்கள். அடியில் படுத்து லோவர் ஆர்மைப் பாருங்கள். உள் புஷ்ஷை விட வெளியே உள்ள பால் ஜாயிண்ட் கொஞ்சம் தாழ்ந்து நிற்க வேண்டும். ஆர்ம் கிடையாகவோ, வெளிமுனை மேலே ஏறியோ நின்றால் பிரச்சினை டோவோடு முடியாது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் டோ ஆடும், வளைவில் கார் சாயச் சாய டயரின் நிற்கும் கோணம் கெடும், ரோல் சென்டர் (கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடுவதால் இறக்கியும் சாய்வது குறையாது. தோட்டத்து வாசலில் உள்ள ஹம்பில் பம்ப் ஸ்டாப்பில் முட்டுகிறதென்றால் அந்தக் கார் ஸ்பிரிங்கில் ஓடவில்லை, ரப்பரில் ஓடுகிறது. செம்மண் பாதையில் தினமும் போகிற காருக்கு கம்பெனி உயரத்திலிருந்து 30 மி.மீ. இறக்கினாலே அதிகம் என்பது என் கட்சி.

உயரத்தை ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் சேர்ந்து ஏமாற்றும். இடம் வலம் வித்தியாசம் 5 மி.மீட்டருக்குள் இருந்தால் போதும். ஜாக்கிலிருந்து இறக்கியதும் அளக்காதீர்கள்; காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டி, நாலு மூலையையும் அழுத்தி விட்டபின் அளங்கள். தனியாக ஓட்டுகிறவர் என்றால் ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு 10 கிலோ அரிசி மூட்டைகளை அடுக்குங்கள். டேங்க் பாதி.

பலர் விட்டுவிடும் ஒரு வேலை இங்கே இருக்கிறது. லோவர் ஆர்ம் புஷ் வெறும் ரப்பர். பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டை அப்படியே விட்டுவிட்டுக் காரை இறக்கினால், ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்; சீக்கிரம் கிழியும், உயரத்தையும் பொய்யாகக் காட்டும். சக்கரத்தில் எடை இருக்கும்போது போல்ட்டைத் தளர்த்தி, காரை ஆட்டிவிட்டு, மறுபடி இறுக்க வேண்டும். பின் பீமின் புஷ்ஷுக்கும் இதே கதை. இதோடு பால் ஜாயிண்ட், தை ராட் எண்ட், ராக் எண்ட், பேரிங், மேல் மவுண்ட் எல்லாவற்றிலும் ஆட்டம் பாருங்கள். ஆடுகிற காருக்கு அலைன்மெண்ட் எடுப்பது காசைக் கரியாக்குவதுதான்.

பிறகு பின்பக்கம். மைவிக்குப் பின்னால் டார்ஷன் பீம். கேம்பர், டோ எதையும் திருக முடியாது. திருக முடியாததால் அளக்காமல் விடுகிறார்கள், அது தப்பு. பின் சக்கரங்கள் பார்க்கும் திசையின் நடுக்கோடுதான் கார் உண்மையில் போகும் திசை. பீம் கோணலாக இருந்தால் ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடித்தால்தான் கார் நேராகப் போகும். முன்னால் எத்தனை முறை திருகினாலும் தீராது. தாளில் த்ரஸ்ட் ஆங்கிள் என்று ஒரு வரி இருக்கும். பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்கிறதா பாருங்கள். விலகியிருந்தால் பீம் புஷ், பீம் வளைவு, ஹப்புக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) வைப்பது என்ற வரிசையில் யோசியுங்கள்.

இனி கேம்பர். முன்பக்கத்தைத் தூக்கி, சப்ஃபிரேமை நடுவில் வைத்த பிறகும் மைனஸ் 2 காட்டினால் கேம்பர் போல்ட் போடலாம். அப்சர்பரையும் நக்கிளையும் (ஹப்பைத் தாங்கும் வார்ப்பு) சேர்க்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றுக்கு மட்டும். எந்தத் துளைக்கு என்பது பெட்டியிலேயே இருக்கும். அதன் தண்டு பழைய போல்ட்டை விட மெல்லியது, பெரிய பள்ளத்தில் நழுவக் கூடியது. ஆகவே இறுக்கியபின் தலையிலிருந்து நக்கிள் வரைக்கும் வெள்ளைப் பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு உடைந்திருந்தால் நழுவியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். உங்கள் அப்சர்பரில் மேலே கேம்பர் பிளேட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், போல்ட் வேண்டாம். வீட்டில் கேம்பர் பார்க்க தூக்குக்குண்டு போதும்: ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளந்து கழியுங்கள். 15 அங்குல ரிம்மின் விளிம்புக்கு விளிம்பு ஏறக்குறைய 400 மி.மீ. என்று வைத்தால், 7 மி.மீ. வித்தியாசம் 1 டிகிரி. தரை சமமாக இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை வாங்கி நாலு சக்கரமும் நிற்கும் இடத்தைச் சரிபாருங்கள், தாழ்ந்த இடத்தில் பலகைத் துண்டு வையுங்கள்.

டோ எப்போதும் கடைசி. உயரம், புஷ், கேம்பர் எதைத் தொட்டாலும் டோ மாறும்; டோவைத் தொட்டால் மற்றவை மாறாது. 600 மி.மீ. நீளத்தில் நேரான இரண்டு அலுமினியச் சதுரக் குழாய்களை இரண்டு முன் டயர்களின் வெளிப்பக்கத்திலும் அணைத்து வைத்து, முன் முனைகளுக்கு நடுவே ஒரு அளவு, பின் முனைகளுக்கு நடுவே ஒரு அளவு எடுங்கள். 1 மி.மீ. வித்தியாசம் மொத்த டோவில் ஏறக்குறைய 0.1 டிகிரி. முன்னால் குறைவு என்றால் டோ இன். இதே குழாயோடு ஒரு சோதனையும் செய்யலாம்: முன்பக்கத்தில் எடை ஏற்றி 20 மி.மீ. அமுங்கவிட்டு மறுபடி அளங்கள். டோ 2 மி.மீட்டருக்கு மேல் மாறினால், காரை இன்னும் தூக்க வேண்டும் என்று அர்த்தம்.

தை ராட்டைத் திருகும்போது இரு பக்கமும் சம அளவு. இல்லையென்றால் ஸ்டீயரிங் கோணலாகும். சின்னக் கார்களில் ஒரு முழுச் சுற்று அந்தச் சக்கரத்தை அரை டிகிரி அளவுக்குத் திருப்பிவிடும், ஆகவே கால் சுற்றுக்கும் குறைவாகவே போங்கள். திருகுவதற்கு முன் ராக் பூட்டின் சின்னக் கிளிப்பைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பூட் முறுக்கிக்கொண்டு கிழியும், செம்மண் தூசி உள்ளே போகும், அப்புறம் ராக் எண்டுக்கு ஆயுள் இல்லை. மூன்றாம் தலைமுறை மைவி வைத்திருப்பவர்கள், விஎஸ்சி (கார் சறுக்காமல் கட்டுப்படுத்தும் மின்னணு வசதி) இருந்தால், ஸ்டீயரிங்கை நேராக்கிய பின் அதன் ஆங்கிள் சென்சரையும் பூஜ்ஜியமாக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு நான் வைக்கும் எண்கள்: கேம்பர் வலது மைனஸ் 1.2, இடது மைனஸ் 1.4. அந்த 0.2 வித்தியாசம் ரோட்டின் இடச்சரிவைச் சமாளிக்க, அதற்கு மேல் வேண்டாம். மொத்த டோ பூஜ்ஜியத்திலிருந்து 0.1 டிகிரி டோ இன் வரை, இரு சக்கரத்துக்கும் சமமாகப் பிரித்து. கேஸ்டர் இரு பக்கமும் அரை டிகிரிக்குள் ஒத்திருந்தால் போதும். சிப்பாங் ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்கள் மைனஸ் 2.5, 3 என்று வைத்து டோ அவுட்டும் கொடுப்பார்கள். அவர்கள் வளைவில் டயரைச் சூடேற்றுகிறார்கள். நீங்கள் தோட்டத்து ரோட்டில் வீட்டுக்குப் போகிறீர்கள்.

வீட்டில் அளந்தாலும் கடைசியில் மெஷினில் ஏற்றுங்கள். அந்த எண்களை ஒரு தாளில் எழுதி, 'பச்சை வேண்டாம், இந்த எண் வேண்டும்' என்று கடை தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கொடுங்கள். கிளாம்ப் மாட்டியதும் காரை முன்னும் பின்னும் உருட்டுகிறார்களா, முன் சக்கரம் நிற்கும் சுழல் தட்டான டர்ன்டேபிளின் பின்னைக் கழற்றுகிறார்களா, கேஸ்டருக்காக ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்புகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேஸ்டர் எடுக்க நேரமாகும் என்று தவிர்ப்பார்கள். உங்கள் காருக்கு அதுதான் தேவை. செய்வதற்கு முன்பு எடுத்த தாளையும் கேட்டு வாங்குங்கள். புது ஸ்பிரிங் என்றால் கொஞ்ச நாளில் சில மி.மீ. அமரும், ஆகவே 500 கி.மீ. ஓடியதும் உயரத்தையும் டோவையும் மறுபடி பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு காலரைத் தொட்டால் மறுபடி அலைன்மெண்ட்தான்.

புது டயரை இப்போதே வாங்காதீர்கள். மொட்டையான ஓரத்தில் கம்பி தெரிந்தால் அந்த டயரில் ஓட்டவே கூடாது; பின் டயர்களை முன்னுக்கு மாற்றி, பின்னுக்கு நல்லதாக இரண்டு பழைய டயர் போட்டு இந்த வேலையை முடியுங்கள். கம்பி தெரியாமல், சட்டப்படி ஓட்டத் தேவையான பள்ள ஆழமும் இருந்து, பக்கச் சுவரில் உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற குறிப்போ சுழல் அம்புக்குறியோ இல்லாத டயராக இருந்தால், ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். தேய்ந்த ஓரம் வெளியே வந்துவிடும். புது எண்கள் சரியா தப்பா என்பதை அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போகலாம்.